ஏழாவது கையெழுத்து

சென்ற மாதம் மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோவில் ஒரு ஹோட்டலில் கணக்காளர்களுக்கு வகுப்பு நடந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் பாடம் கேட்டிருக்க வேண்டும் என்பது விதி. நான் ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. என்னை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே, "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல ஐயா. கொடுத்து வச்சவங்க" என்றார்.

இருந்தது என்றேன். அவர் நம்பவில்லை. மேசையில் இருந்தவர்கள் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பாதியைச் சொன்னேன். மீதியைச் சொல்ல அங்கே வாய் வரவில்லை, ஏனென்றால் அந்த மீதியில் நான் நல்லவன் இல்லை. வீட்டுக்கு வந்து முழுவதையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்காரரின் மகன். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிவிட்டு மலாக்கா டவுனில் அருளம்பலம் ஐயாவின் ஆடிட் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பத்து வருடம் பேரேடு பார்த்தேன். அந்த அனுபவத்தைக் காட்டி, ஐயா எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்து அனுப்பி, ஆடிட்டர் லைசென்ஸ் வாங்கி, அதே ஆபீஸிலேயே தொடர்ந்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் அப்படி ஒரு வழி இருந்தது. என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

அருளம்பலம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கறுப்பு டை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று. காலையில் வந்ததும் மூன்று நிறப் பென்சில்களையும் சிறு கத்தியால் தானே சீவுவார். சிவப்பு, முதல் தடவை சரிபார்க்கிறவருக்கு. நீலம், இரண்டாம் தடவை பார்க்கிறவருக்கு. பச்சை அவருக்கு மட்டும். வேறு யாரும் பச்சையைத் தொடக் கூடாது. ஒருவரையும் திட்டமாட்டார். தப்பைக் கண்டால் அந்த இடத்தில் பச்சையால் ஒரு சின்னக் கோடு இழுத்து, புத்தகத்தை மூடாமல் நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நாம் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இதை வேறெந்த ஆபீஸிலும் நான் பார்த்ததில்லை. ஒழுங்கு முறைப்படி நடப்பது எல்லாம் புத்தகத்தின் முன்பக்கத்திலிருந்து எழுதப்படும். ஒழுங்குக்கு வெளியே ஏதாவது செய்ய நேர்ந்தால், அதை மறைக்கக் கூடாது. புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டி, கடைசிப் பக்கத்திலிருந்து தேதி போட்டு, காரணம் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். வெளியே ஸ்டாக் பார்க்கப் போய் ஒரு நாள் தாமதமாகத் திரும்பினாலும் அது பின்பக்கத்தில் ஏறும். எந்தக் கணக்கில் சந்தேகம் வந்தாலும் ஐயா முதலில் கேட்கும் கேள்வி, "பின்பக்கம் பார்த்தனீரோ?" என்பதுதான்.

எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவர் அப்துல் கனி. டவுனில் மசாலைக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். என்னைவிட ஐந்து வயது இளையவர். மலாய், இங்கிலீஷ், தமிழ் மூன்றும் சரளம். மலாயை அரபு லிபியில் எழுதும் ஜாவி எழுத்தும் தெரியும். நான் இரண்டு மணி நேரம் தேடும் தப்பை அவர் தேநீர் ஆறுவதற்குள் எடுத்துவிடுவார். எடுத்தபிறகு, "மாணிக்கண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்களேன், எனக்கு வெளங்கல" என்று என்னிடமே கொண்டுவருவார். நான் கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்று அவர் விட்டுக்கொடுப்பது எனக்குப் புரியும். அவமானம் நேராக வந்தால் சண்டை போடலாம். மரியாதையாக வந்தால் என்ன செய்வது?

கனி தபால் வழியாகப் படித்து லண்டன் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே தேறினார். சொந்தமாக ஆபீஸ் போடப் போகிறேன் என்று விடைபெற வந்த நாளில், ஐயா தம் பச்சைப் பென்சிலை எடுத்து அவர் சட்டைப் பையில் சொருகினார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், கையில் நீலப் பென்சிலோடு. அன்றைக்கு என் வயிறு எரிந்ததை இத்தனை வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது?

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். கொடி மாறியது, சட்டங்களும் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. ஒருநாள் கோலாலம்பூரிலிருந்து எல்லா லைசென்ஸ்காரர்களுக்கும் சுற்றறிக்கை வந்தது. புதிய சட்டங்களைப் பற்றிப் பன்னிரண்டு வகுப்புகள், சனிக்கிழமை பிற்பகல்களில். ஆளுக்கொரு பழுப்பு அட்டை. ஒவ்வொரு வகுப்புக்கும் அட்டையில் போதகரின் கையெழுத்து. பன்னிரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். பழையவர், புதியவர், பரீட்சை எழுதியவர், எழுதாதவர் என்ற வித்தியாசம் இல்லை. எனக்கு அந்த லைசென்ஸ் போனால் நான் மறுபடியும் கிராணி. பெண் பார்க்கப் போன இடத்திலேயே அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள்.

அறிக்கையின் அடியில் மலாக்கா வகுப்புக்குப் போதகர் பெயர் இருந்தது. அப்துல் கனி.

வகுப்பு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி மண்டபத்தில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாங்கள் முப்பது பேர், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருப்போம். சீனர்கள், மலாய்க்காரர்கள், நாங்கள் சில தமிழர்கள். முதல் வரிசையில் அருளம்பலம் ஐயா, டையோடு. கனி உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து "சார்" என்றார்கள். ஐயாகூட எழுந்தார். நான் கீழே விழாத பேனாவைத் தேடிக் குனிந்துகொண்டேன். அவரை ஒரு தடவைகூட சார் என்று கூப்பிடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெயர் சொல்லவும் முடியாது. ஆகவே பன்னிரண்டு வாரமும் "இந்தா", "அது வந்து" என்றே சமாளித்தேன்.

பாடம் எப்படி நடத்தினார் என்று கேட்டால், நன்றாக நடத்தினார். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது. சட்டத்தை வாசிக்கமாட்டார், ஒரு மளிகைக் கடையையோ லாரிக் கம்பெனியையோ எடுத்துக்கொண்டு, அதற்குள் சட்டம் எப்படி நுழைகிறது என்று காட்டுவார். அட்டைகள் எல்லாம் அவரிடமே இருக்கும்; வயதில் மூத்தவன் என்று வகுப்பில் அவற்றை வாங்கி அடுக்குவதையும் அவரிடம் திருப்பிக் கொடுப்பதையும் என்னிடம் ஒப்படைத்தார். மற்றவர்கள் அதை மரியாதை என்றார்கள். எனக்கோ பியூன் வேலையாகப் பட்டது.

நாலாவது வகுப்புக்குப் பிறகு ஐயா வரவில்லை. முதல் வரிசை காலியாக இருந்தது. ஆபீஸுக்கு வழக்கம்போல வந்தார், ஆபீஸ் கீழ்த்தளம். குடையை ஊன்றி நடந்தார். மழைக்காலம், அதனால் குடை என்று நினைத்தேன். தம்மிடம் வேலை பார்த்தவரிடம் பாடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்று நானே காரணம் வைத்துக்கொண்டேன். என் மனசை அளவுகோலாக வைத்து அவர் மனசை அளந்தேன்.

ஆறாவது வகுப்பில் கனி என்னை ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அடுத்த சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. ஆபீஸில் வேலை என்று சொல்லியனுப்பிவிட்டு, கிளேபாங்கில் கடலைப் பார்த்த ஒரு கடையில் பொரித்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது வகுப்பில் அட்டைக் கட்டு என் கைக்குத் திரும்பி வந்தது. என் அட்டையில் ஏழாவது கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்றுகூடப் பார்க்காத ஆள் என்று மனசுக்குள் சிரித்தேன். அதே கட்டில் ஐயாவின் அட்டையும் இருந்தது, அதுவரை நான் கவனிக்காதது. ஐந்து, ஆறு, ஏழு, மூன்று கட்டத்திலும் கனியின் கையெழுத்து.

வராதவருக்குக் கையெழுத்து. எனக்குக் கிடைத்தது புதையல் மாதிரி இருந்தது.

நான் ஆடிட்டர். ஒரு சாட்சியை வைத்து எழுதக் கூடாது என்று பழக்கப்பட்டவன். ஒன்பதாவது வாரமும் பார்த்தேன். ஐயா வரவில்லை, எட்டாவது கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. எல்லாவற்றையும் பாக்கெட் நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டேன். கனியின் பையில் வகுப்புப் பதிவேடு ஒன்று இருந்தது. அதைக் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்பதென்றால் அவரிடம் போய் நிற்க வேண்டும், அவரை ஏதாவது சொல்லிக் கூப்பிட வேண்டும். கேட்கவில்லை.

கோலாலம்பூருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினேன். பாராக்களுக்கு எண் போட்டு, நாட்களை அடுக்கி, உணர்ச்சி கலக்காமல். பெயர் போடவில்லை. என்னுடைய ஏழாவது கட்டத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் எழுதியதில்லை என்று பெருமைகூடப் பட்டேன். கனிக்குப் போதகர் பதவி போகும், அவ்வளவுதான் என் கணக்கு. ஐயாவின் பெயரும் அதில் இருக்கிறதே என்று யாராவது கேட்டிருந்தால், அவருக்கு என்ன ஆகப்போகிறது, பெரிய மனுஷர் என்று சொல்லியிருப்பேன்.

பத்தாவது வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதிகாரி வந்தார். சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். வகுப்பை நிறுத்தச் சொல்லவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். முடிந்ததும் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஐயாவின் அட்டையைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் போட்டவர் விலக்கப்படுவார், வாங்கியவரின் லைசென்ஸ் ஒரேயடியாக ரத்தாகும், திரும்பக் கிடைக்காது என்று அவர் சொன்னார். குரலில் கோபமே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயாவின் லைசென்ஸ் போனால் ஆபீஸ் பலகை இறங்கும். பலகை இறங்கினால் நான் உட்பட ஐந்து குடும்பத்துக்கு வேலை இல்லை. அதைவிட, நாற்பது வருடமாக ஒரு எண்ணை அழித்து எழுதாத மனிதர், பொய் அட்டை வாங்கியவர் என்று பெயர் எடுப்பார். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்வார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் அறுத்தது என் மூக்கையும் இல்லை, எனக்குச் சோறு போட்டவரின் மூக்கை. எழுந்து ஏதாவது சொல்ல நினைத்தேன். அட்டைக் கட்டை நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கனி பதறவில்லை. பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். மேசையில் வைத்து, தலைகீழாகப் புரட்டி, கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

அந்தக் கை அசைவைப் பார்த்ததுமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆபீஸை விட்டுப் போனவர், லண்டன் பரீட்சை எழுதியவர், இனி எங்கள் ஆபீஸ் ஆள் இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஆகவே பின்பக்கம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அவர் போன இடத்திலும் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளேயே இருந்த நான் மறந்துவிட்டேன்.

பின்பக்கத்தில் எல்லாம் இருந்தது. அருளம்பலம், முழங்கால் நோய், மாடி ஏற முடியவில்லை. டாக்டர் கடிதம் ஒட்டப்பட்டிருந்தது. நோயாளிகளுக்கு வீட்டில் பாடம் நடத்தலாம் என்ற சுற்றறிக்கையின் பத்தி எண். ஒவ்வொரு ஞாயிறும் காஜா பேராங்கில் ஐயா வீட்டில் நடந்த பாடம், ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், ஐயாவின் கையெழுத்து. அவர் எழுதிக் கொடுத்த விடைத்தாள்கள் தனி உறையில். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். தலையசைத்தார். கனியிடம், தாம் பார்த்ததிலேயே நல்ல பதிவேடு இதுதான் என்றார்.

நான் மூச்சு விட்டேன். அதே மூச்சில் எரிச்சலும் வந்தது. என் வீடும் காஜா பேராங்தான். ஐயா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. அவருடைய முழங்கால் கனிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரியாதது என் குற்றம் என்று தோன்றவில்லை. கனியிடம் சொல்லியிருக்கிறாரே, என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது.

அதிகாரி பதிவேட்டை மூடவில்லை. அடுத்த வரியை வாசித்தார். "யார் மாணிக்கம்?"

எழுந்து நின்றேன்.

அங்கே எழுதியிருந்தது இதுதான்: ஏழாம் வகுப்பு, மாணிக்கம் வரவில்லை, ஆபீஸ் வேலை என்று தகவல், அவர் வார்த்தையை நம்பிக் கையெழுத்து போட்டிருக்கிறேன், ஈடுவகுப்பு நடத்த வேண்டும். ஈடுவகுப்பு நடந்ததா என்று அதிகாரி கேட்டார். இன்னும் இல்லை, அவரிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார் கனி. நடக்காத வகுப்புக்கு முன்கூட்டிக் கையெழுத்து போடுவது தவறு என்று அதிகாரி அவரைக் கண்டித்தார். முப்பது பேர் முன்னால். அந்தப் பதிவேடு முழுவதிலும் கனி வாங்கிய ஒரே கண்டிப்பு அது, எனக்காக வாங்கியது. பிறகு அதிகாரி என் அட்டையில் ஏழாவது கட்டத்தைப் பேனாவால் அடித்தார். மாத முடிவுக்குள் ஈடு செய்யாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது என்றார். வேறு யார் அட்டையிலும் குறை இல்லை.

கீழே இறங்கும்போது கனி என் பக்கத்தில் வந்தார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில ஐயா வீட்டுக்கு வந்துடுங்க. அங்கேயே சேர்த்து முடிச்சிடலாம்லா. யாருக்கும் தெரிய வேணாம்" என்றார்.

ஞாயிறு காலை போனேன். ஐயா குடியிருந்தது, பல தலைமுறையாக மலாய் பேசும் ஒரு மலாக்காச் செட்டி குடும்பத்தின் வீட்டில். வீட்டுக்கார அம்மாள் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார்; தமிழ் வராது, மலாயில் உள்ளே போகச் சொன்னார். ஐயா சாய்வு நாற்காலியில், ஒரு காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். முழங்கால் துணி சுற்றி வீங்கியிருந்தது. ஆனால் டை கட்டியிருந்தார். மேசையில் மூன்று பென்சிலும் சீவி வைத்திருந்தது.

ஏழாவது பாடம் முழுவதும் நடந்தது. கனி எதையும் சுருக்கவில்லை. ஆறாவது வகுப்பில் எனக்குத் தெரியாத அதே கேள்வியை இடையில் ஐயாவிடம் கேட்டார். ஐயா தப்பாகப் பதில் சொன்னார், சிரித்தார், திருத்திக்கொண்டார். எனக்குத் தெரியாமல் போனதில் வெட்கமில்லை என்று காட்டவே கேட்டிருக்கிறார் என்று வீடு போய்ச் சேர்ந்தபிறகுதான் விளங்கியது.

பாடம் முடிந்ததும் கனி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஐயா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, விரித்து, மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். என் கடிதம். முந்தின நாள் மாலை அதிகாரி வீட்டுக்கு வந்து ஐயாவைப் பார்த்துவிட்டுப் போனபோது, இனி இதற்கு வேலை இல்லை என்று கொடுத்திருக்கிறார்.

பெயர் இல்லாத கடிதம்தான். ஆனால் பாராக்களுக்கு எண் போடும் விதத்தை எனக்குப் பழக்கியது அவர். மூன்றாவது பாராவில் பச்சைக் கோடு இழுத்திருந்தது. வழக்கமாக அதோடு எழுந்து வெற்றிலை போடப் போய்விடுவார். அன்றைக்கு அவரால் எழுந்து போக முடியவில்லை. ஆகவே இருவரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நல்லா எழுதியிருக்கிறீர்," என்றார் கடைசியில். "இந்த இடம் மட்டும் பிழை. வரேல்லை எண்டு எழுதியிருக்கிறீர். நான் காணேல்லை எண்டு எழுதியிருக்க வேணும். ஓடிட்டர் தான் கண்டதை மட்டும்தான் எழுதலாம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார். "பின்பக்கம் பார்த்தனீரோ?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை என்றேன். என் கண் நிறைந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கனி திரும்பி வந்தார். மேசையில் கடிதம் திறந்தபடி கிடந்தது. அவர் அதைப் பார்த்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்: அந்தத் தாளுக்குப் பக்கத்தில்தான் என் அட்டையை வைத்து, அடிக்கப்பட்ட ஏழாவது கட்டத்துக்கு மேலே புதிதாகக் கையெழுத்து போட்டார். பதிவேட்டைத் தலைகீழாகப் புரட்டி, ஈடுவகுப்பு முடிந்தது என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

எனக்கு லைசென்ஸ் வந்தது. ஐயாவுக்கும் வந்தது. ஓய்வு பெறும்வரை அந்த லைசென்ஸை வைத்துத்தான் பிழைத்தேன். பழுப்பு அட்டையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட கடிதமும் அதோடு இருக்கிறது. கனிக்கு ஐயா பென்சிலைக் கொடுத்தார். எனக்கு அந்தப் பச்சையில் ஒரு கோடு.

அன்றைக்கு ஐயா வீட்டிலிருந்து கனியும் நானும் ஒன்றாக நடந்து வந்தோம். என் சந்து முனையில் அவர் நின்றார். அடுத்த வருடமும் வகுப்பு இருக்கும்போலத் தெரிகிறது, சனிக்கிழமை உங்களுக்கு வசதிதானே என்று கேட்டார். என் பல்லைக் கடித்துக்கொண்டு, "வசதிதான், சார்" என்றேன்.

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அய்யய்ய, என்னண்ணே இது. எப்பவும்போல கனின்னே கூப்பிடுங்க" என்றார்.

வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அப்படிச் சொல்ல ஒரு மனுஷனுக்கு எப்படித்தான் முடிகிறது என்று, சந்துக்குள் நுழைந்து என் வீட்டுக் கதவைத் திறக்கும்வரை, எனக்கு அதன்மேலும் பொறாமையாகத்தான் இருந்தது.